உன் தபால்காரியை யாருக்குப் பிடிக்கும்?

அன்புத் தோழிக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது; சின்னவன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான்; பெரியப்பா வழக்கம்போலத் தான் சொன்னதே சரி என்கிறார். மற்றதையெல்லாம் இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன். நீ அனுப்பிய கோப்பைப் படித்து முடித்ததிலிருந்து அதைத் தவிர வேறொன்றிலும் மனம் செல்லவில்லை. அதைப் பற்றி உன்னிடம் சொல்லித் தீர்த்தால்தான் எனக்கு நிம்மதி.

நீ உருவாக்கும் வீடியோ கேமின் நாயகியான மலைத் தபால்காரியை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவளுடைய தாத்தாவின் கதை, பிரிந்துபோன தங்கை, பேச்சில் அவள் இழுக்கும் இழுப்பு, பருவத்துக்கு ஏற்ற உடைகள், ஒவ்வொரு கோணத்திலிருந்தும் வரைந்த முகம் என்று ஒன்றையும் நீ விட்டுவைக்கவில்லை. கல்லூரி நாடகத்தில் மேடைக்கே வராத வேலைக்காரிக்கும் பூர்வீகம் எழுதியவள் நீ. பிறகு எப்படி இருக்கும்! ஆனால் கடைசிப் பக்கத்தில் “ஆடுகிறவர்களுக்கு இவளைப் பிடிக்குமா?” என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கு எனக்கு ஒரு செய்தி தெரிய வேண்டும், அந்தச் செய்தி மட்டும் உன் கோப்பில் எங்கும் இல்லை. பட்டனை அழுத்தினால் அவள் என்ன செய்வாள்?

மாரியோவை எடுத்துக்கொள். அமெரிக்காவில் விற்காமல் தேங்கிக் கிடந்த ‘ரேடார் ஸ்கோப்’ கேம் இயந்திரங்களை எப்படியாவது பயன்படுத்தியாக வேண்டும் என்ற நெருக்கடியில், 1981-இல் ‘டாங்கி காங்’ கேமை உருவாக்கும் பொறுப்பை நின்டெண்டோ என்ற ஜப்பானிய நிறுவனம் இளைஞரான ஷிகெரு மியாமோட்டோவிடம் கொடுத்தது. திரையில் மிகச் சில புள்ளிகளுக்குள் அவர் ஒரு மனிதனை வரைய வேண்டியிருந்தது. தலைமுடியை வரைய இடம் இல்லாததால் தொப்பி வைத்தார்; வாயை வரைய இடம் இல்லாததால் மீசை வைத்தார்; கை அசைவது உடலோடு கலந்துவிடாமல் தெரிவதற்காகத் தோள்பட்டை வைத்த வேலையுடையை மாட்டிவிட்டார். அந்தக் கேமில் மாரியோ ஒரு தச்சன்; 1983-இல்தான் குழாய் வேலைக்காரன் ஆனான். தொழில் மாறியது யாரையும் உறுத்தவில்லை என்பதை மட்டும் கவனித்துக்கொள். 1985-இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ கேமில் அவனை உலகம் முழுவதும் நேசிக்கத் தொடங்கியதற்கு அவன் வாழ்க்கை வரலாறு காரணமாக இருக்க வழியே இல்லை, ஏனென்றால் அவனுக்கு அப்படி ஒன்று கிடையாது. பட்டனைச் சற்று அழுத்தினால் சிறிதாகத் துள்ளுவான், அழுத்திப் பிடித்தால் உயரத் தாவுவான், தாவிய பிறகும் காற்றில் அவனை முன்னும் பின்னும் திருப்பலாம், வேகமாக ஓடிச் சட்டென்று திரும்பினால் கால் சறுக்கி நிற்பான். உங்கள் வீட்டு டிவி கேமில் கேசட்டை ஊதிப் போட்டுவிட்டு, அவன் தாவும்போதெல்லாம் உன் அக்கா கன்ட்ரோலரையும் சேர்த்துத் தலைக்கு மேல் தூக்குவாள், நினைவிருக்கிறதா? அவள் உடம்பு அவனோடு சேர்ந்து தாவியது. அவனை நமக்குப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

1996-இல் வந்த ‘சூப்பர் மாரியோ 64’ கேமை உருவாக்கியபோது, உலகங்களைக் கட்டி முடிப்பதற்கு முன்பே, ஒரு முயலை மாரியோ துரத்தி ஓடுவதை மட்டும் வைத்து அவனுடைய நடையையும் ஓட்டத்தையும் தாவலையும் நெடுநாள் செப்பனிட்டிருக்கிறார்கள். எதிரியும் இல்லை, கதையும் இல்லை; ஓடுவதே இன்பமாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். உன் தபால்காரிக்கு நீ முதலில் செய்திருக்க வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

முகத்தை இன்னும் அழகாக்கச் சொல்லி உன் கேமில் பணம் போட்டிருப்பவர் வற்புறுத்துகிறார் என்று எழுதியிருந்தாய். எனக்குக் கோபம் வந்தது. அவரிடம் ‘டூம் ரெய்டர்’ கேமின் நாயகி லாரா கிராஃப்டின் கதையைச் சொல். 1996-இல் இங்கிலாந்தின் டார்பி நகரில் இருந்த கோர் டிசைன் நிறுவனத்தில் டோபி கார்ட் உருவாக்கிய பாத்திரம் அவள். பத்திரிகை அட்டைகளிலும் விளம்பரங்களிலும் அவளை ஒரு கவர்ச்சிப் படமாக எவ்வளவோ பயன்படுத்தினார்கள். அவளைப் படைத்தவரே அடுத்த ஆண்டு அந்த நிறுவனத்தை விட்டு வெளியேறினார். ஆனால் ‘டூம் ரெய்டர்’ ஆடிய நமக்கு அவள் யாராக இருந்தாள்? முகத்தைவிட முதுகைத்தான் அதிக நேரம் பார்த்தோம். ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டுமானால் விளிம்பு வரை மெல்ல நடத்திச் சென்று, ஓரெட்டுப் பின்னால் துள்ள வைத்து, ஓடவிட்டு, சரியான கணத்தில் தாவ வைத்து, எதிர்ப்பக்க விளிம்பைப் பற்றிக்கொள்ளும் பட்டனை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். விரலை எடுத்தால் அவள் விழுந்து சாவாள். அவள் உயிர் நம் விரல்நுனியில் இருந்தது என்பது எனக்கு வெறும் பேச்சு அல்ல, அந்தக் கேம் அப்படித்தான் இயங்கியது. 2003-இல் அவளுடைய அடுத்த கேமான ‘தி ஏஞ்சல் ஆஃப் டார்க்னெஸ்’ வந்தபோது முகம் முன்பைவிட நுணுக்கமாக இருந்தது, புகழுக்கும் குறைவில்லை. ஆனால் அழுத்திய பட்டனுக்கு அவள் மந்தமாக அசைந்தாள், பிழைகளும் மலிந்திருந்தன. ஆடியவர்கள் மனம் வெறுத்துப்போனார்கள். அந்தத் தொடரே கோர் டிசைனின் கையை விட்டுக் கிரிஸ்டல் டைனமிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் போய், 2006-இல்தான் மீண்டு எழுந்தது. இவ்வளவு புகழ்பெற்ற முகமே அவளைக் காப்பாற்றவில்லை என்றால், உன் தபால்காரியின் கண்ணிமையை இன்னும் நீளமாக வரைந்து என்ன ஆகப்போகிறது?

தோற்றமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. ஆடுகிறவர் ஒரே பார்வையில் அடையாளம் காண வேண்டும், அதற்குத் தோற்றம் வேண்டும். 2007-இல் வந்த ‘டீம் ஃபோர்ட்ரெஸ் 2’ கேமில் ஒன்பது வகை வீரர்களையும் நிழலுருவத்தை மட்டும் வைத்தே பிரித்தறியும்படி வரைந்திருக்கிறார்கள். உன் தபால்காரியின் சாய்ந்த தோளும் பெரிய பையும் அந்த வேலையை ஏற்கனவே அருமையாகச் செய்கின்றன. அதோடு போதும் என்கிறேன்.

முகமே இல்லாத ஒன்றைக்கூட மனிதர்கள் நேசிப்பார்கள் என்பதற்கு அதே 2007-இல் வந்த ‘போர்ட்டல்’ சாட்சி. பக்கங்களில் இதயம் வரைந்த ஒரு கனசதுரப் பெட்டி. அது பேசாது, அசையாது. ஒரு கூடம் முழுவதும் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். உன்னைக் காக்கும் கேடயமும் ஏறி நிற்கும் படியும் அதுதான். கடைசியில் அதை நீயே உலையில் போட்டு எரித்தால்தான் கதவு திறக்கும். அந்தப் பெட்டியை எரிக்க மனம் வராமல் நின்றவர்கள் எத்தனையோ பேர். இன்றும் பொம்மையாகச் செய்து அலமாரியில் வைத்திருக்கிறார்கள். கூடவே சுமந்தது, அது நமக்கு உதவியது, பிறகு நம் கையாலேயே அதை இழந்தது: இவ்வளவே போதுமானதாக இருந்தது.

1997-இல் ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ ஏரித்தின் சாவை நினைத்துப் பார். நீ அழுதுகொண்டே எனக்குத் தொலைபேசியில் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. கதையில் ஒரு நல்ல பெண் கொல்லப்படுகிறாள் என்றால் அதை எத்தனை நாவல்களில் படித்திருக்கிறோம்? ஆனால் இவளை நீ மணிக்கணக்காகப் போரில் நடத்தியிருந்தாய், அவளுக்கு ஆயுதம் தேடிக் கொடுத்திருந்தாய், அடிபட்ட மற்றவர்களைக் குணப்படுத்த அவளையே நம்பியிருந்தாய். வில்லன் செபிரோத்தின் வாள் இறங்கிய பிறகு, அழுவதற்கும் நேரம் தராமல் ஒரு போர் தொடங்குகிறது. வழக்கமான போர் இசைக்குப் பதிலாக நொபுவோ உவெமட்சு இசையமைத்த ஏரித்தின் மெட்டே அங்கும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அடிபட்டால் குணப்படுத்த ஆளில்லை என்பதைக் கைதான் முதலில் உணர்ந்தது என்று அன்று நீயே சொன்னாய். அவளை உயிர்ப்பிக்க வழி தேடி உலகெங்கும் பிள்ளைகள் கேமின் மூலை முடுக்கெல்லாம் அலைந்தார்கள்.

‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ கேமின் சண்டைக்காரி சுன்-லி பற்றி நான் எழுதப் போவதில்லை. தொடங்கினால் நம் இருவருக்கும் பழைய சண்டை வந்துவிடும்.

என் வாதத்தில் எனக்கே உறுத்தும் ஓர் இடம் இருக்கிறது. கையில் கொடுத்துவிட்டால் யாரையும் பிடித்துவிடுமா? 2020-இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகம் அந்தச் சோதனையைத் துணிந்து செய்தது. முதல் பாகத்தில் நாம் ஜோயலாக நடந்து, எல்லியைப் பாதுகாத்து வந்தோம். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே ஜோயலை அடித்துக் கொன்ற ஆபியின் உடம்புக்குள் பாதிக் கேமுக்கு நம்மை உட்கார வைத்தார்கள். என்னைப் போன்ற சிலர் மெல்ல மெல்ல அவள் பக்கம் சாய்ந்தோம். பலர் கடைசி வரை மன்னிக்கவில்லை. அவளுக்குக் குரல் கொடுத்த நடிகை லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஒரு கற்பனைப் பாத்திரத்தின் மீதுள்ள வெறுப்பை உயிரோடிருக்கும் ஒரு பெண் மீது கொட்டியதை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது. ஆனாலும் அதில் நீயும் நானும் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஜோயலோடு அந்த ஆட்டக்காரர்கள் ஏற்கனவே பழகிவிட்டிருந்தார்கள். அந்தப் பழக்கத்தை மீறிப் புதியவளை ஏற்கும்படி அவர்களைக் கட்டாயப்படுத்த முடியவில்லை. பழகுவதற்கு நேரம் வேண்டும், அந்த நேரத்தில் ஆடுகிறவருக்குச் சிறிதளவாவது விருப்பமும் இருக்க வேண்டும்.

விருப்பத்தோடு செய்த செயல் பின்னால் திரும்பி வந்து தாக்கும்போது பாத்திரம் எவ்வளவு நெருக்கமாகிறது என்பதை 2018-இல் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ கேமின் ஆர்தர் மார்கனிடம் பார்த்தேன். கடன் வசூலிக்கப் போன இடத்தில் நோயாளியான ஒரு ஏழையை ஆர்தர் அடிக்கிறான். அடிக்கும் பட்டனை நாம்தான் அழுத்துகிறோம், வேலையை முடிக்கும் அவசரத்தில் யோசிக்காமல் அழுத்துகிறோம். அந்த மனிதர் முகத்தில் இருமிய இருமலில்தான் ஆர்தருக்குக் காசநோய் தொற்றியது என்பது வெகு நேரம் கழித்துத் தெரிகிறது. அதற்குள் அவனுக்குத் தாடி வளர்த்து, சாப்பாடு கொடுத்து, குதிரையைத் தேய்த்துவிட்டு, அவன் தன் குறிப்பேட்டில் எழுதுவதையும் வரைவதையும் படித்துப் பழகியிருக்கிறோம். வழியில் எதிர்ப்படும் எவரையும் வணங்கி நலம் கேட்கலாம், அல்லது வம்புக்கு இழுக்கலாம். அந்தத் தேர்வு நம்முடையது. சாவு உறுதியான பிறகு நான் யாரையும் வம்புக்கு இழுக்கவில்லை. யாரும் சொல்லி அப்படிச் செய்யவில்லை, அவன் நல்லவனாகச் சாக வேண்டும் என்று எனக்கே தோன்றிவிட்டது. ரோஜர் கிளார்க்கின் நடிப்புக்கு அந்த ஆண்டு விருது கிடைத்தது, முற்றிலும் தகும். ஆயினும் அவர் நடித்த ஆர்தரில் ஒரு பகுதி என் கையால் ஆனவன் என்பதை என்னிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

பெரிய பணம் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும் என்று நீ சொல்வாய். டொரொண்டோவில் ஒரு சிறு குழு 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’ கேமை இன்னொரு முறை ஆடிப் பார். கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய். கிழிந்தும் கறைபட்டும் போன தன் அம்மாவின் சமையல் குறிப்பேடு. அழிந்த வரிகளை ஊகித்து இட்லித் தட்டுகளைச் சரியாக அடுக்கும் வேலை நம்முடையது. அவள் தன்னைப் பற்றி நீளமாக எதுவும் சொல்வதில்லை. இட்லி தெரியாத நாட்டில் வளர்ந்தவர்களும் அந்த அடுப்படியில் நின்று தடுமாறி அவளை அறிந்துகொண்டார்கள். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுகக் கேம் விருது அதற்குக் கிடைத்தது.

இனி உன் தபால்காரி. அவளுடைய தங்கை பிரிந்த கதையை முதல் காட்சியில் படமாகக் காட்டாதே. முதலில் அவளை நடக்கவிடு. பை நிறைந்திருக்கும்போது ஏற்றத்தில் அவள் மூச்சிரைக்கட்டும், தாவினால் குறைவாகத் தாவட்டும்; ஒவ்வொரு கடிதமாகக் கொடுக்கக் கொடுக்க நடை இலேசாகட்டும், அந்த வேறுபாடு விரலுக்குத் தெரியட்டும். மழையில் விழுந்தால் கடிதங்கள் நனையட்டும், நனைந்த கடிதத்தை வாங்குகிறவர் முகம் மாறட்டும். எதுவும் செய்யாமல் கன்ட்ரோலரைக் கீழே வைத்தால் அவள் என்ன செய்வாள்? 1991-இல் வந்த கேமில் சோனிக் என்ற முள்ளெலி காலைத் தட்டிக்கொண்டு நம்மை முறைத்தானே, அந்தச் சிறு அசைவில் அவன் குணம் முழுவதும் தெரிந்தது. இவள் பைவாரைத் தோள் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். அல்லது யார் கடிதம் எது என்று மேலுறைகளைத் திருப்பிப் பார்க்கலாம். தங்கையின் கையெழுத்துள்ள உறை ஒன்று அந்தக் கட்டில் இருக்கட்டும். அதை அவள் ஒவ்வொரு நாளும் கட்டின் அடியில் தள்ளிவைப்பதை ஆடுகிறவர் தானாகக் கவனிக்கும் நாளில், நீ எழுதி வைத்திருக்கும் கதை முழுவதற்கும் தேவை வந்துவிடும்.

பணம் போட்டவரிடம் சண்டைக்குப் போகாதே. நடக்கும் பகுதியை மட்டும் செய்து முடித்து, கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்துவிட்டு, நீ ஒரு சொல்லும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திரு. அவர் எந்த இடத்தில் சலிக்கிறார், எந்த இடத்தில் காரணமே இல்லாமல் ஒரு முறை கூடுதலாகத் தாவிப் பார்க்கிறார் என்பதைக் குறித்துக்கொள். அதே பகுதியை எனக்கும் அனுப்பு. பொங்கலுக்கு நம் மாடிக் கூட்டத்தார் எல்லோரும் இங்கு வருகிறார்கள். கேமே ஆடாத மைனாவின் கையிலும் கொடுத்துப் பார்த்துவிட்டு, யார் எங்கே என்ன செய்தார்கள் என்று எழுதுகிறேன். புதிய ஓவியங்கள் இப்போது வேண்டாம். உன் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் தோழி