கதவு சாத்தும் ஓர் அறை, அரை நாள் சம்பளம்

நீலகிரித் தேயிலைத் தோட்ட நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தொழிலாளர்கள் குடியிருக்கும் உங்கள் லைன் வீடுகளுக்குப் பல வருஷம் நடந்திருக்கிறேன். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு வைக்கும் பரிசோதனை முகாமுக்காகக் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும், அதற்கு வந்துபோக அரை நாள் சம்பளமும் கேட்டு இதை எழுதுகிறேன்.

ஒரு பெண் கர்ப்பமானால் நம் ஏற்பாடு நன்றாகவே நடக்கிறது. பதிவு, ரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய், வலி வந்தால் 108 என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. இரண்டாவது குழந்தை பிறந்ததும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். அதோடு அவளைத் தேடி யாரும் போவதில்லை. அப்போது பெரும்பாலும் அவளுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. இன்னும் எத்தனையோ வருஷம் மூட்டை சுமக்க வேண்டியவள்.

ஒரு தோட்டத்தில் நாற்பது தாண்டிய ஓர் அம்மா இருந்தார். டிஸ்பென்சரிக்கு வந்தால் தலைவலி மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் இலை எடை போடும் கொட்டகைக்குப் பின்னால் என்னைத் தனியாக நிறுத்தி, "நர்சம்மா, அடி தள்ளுது" என்றார். கர்ப்பப்பை வெளியே இறங்கியிருந்தது. தினமும் காலையில் அதைக் கையால் உள்ளே தள்ளி, பழைய சேலைத் துணியை மடித்து இறுகக் கட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். மேட்டில் ஏறினால் இறங்கும், மூட்டையைத் தலையில் தூக்கினால் முழுசாக வெளியே வந்துவிடும். துணி உரசி உரசிப் புண்ணாகிக் கிடந்தது. டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அந்த ரூம்ல ஒரு திரைகூட இல்லையேம்மா, வாசல்லயே கம்பவுண்டரும் கங்காணியும் உட்கார்ந்திருக்காங்க" என்றார்.

கர்ப்பப்பையைக் கீழிருந்து தொட்டில்போலத் தாங்குவது இடுப்பெலும்புக்கு நடுவில் உள்ள தசைகள். பிரசவத்தில் அவை இழுபட்டுத் தளர்கின்றன. அவை தேறுவதற்குள் பாரம் தூக்கினாலோ, தீராத இருமலோ மலச்சிக்கலோ இருந்தாலோ தளர்ச்சி கூடும். மாதவிலக்கு நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து திசுக்கள் மெலியும்போது இன்னும் மோசமாகும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் அந்தத் தசைகளை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சி பலருக்குப் பலன் தரும். அதற்கு மேல் போனால், கர்ப்பப்பை இறங்காமல் தாங்க உள்ளே ஒரு வளையம் பொருத்தலாம். அதற்கும் அடங்காததற்குத்தான் ஆபரேஷன். அந்த அம்மாவுக்கு வளையம் பொருத்தினார்கள், புண்ணும் ஆறியது. ஆனால் பாரம் தூக்காத வேலை கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிய சீட்டை ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்களே தவிர, அடுத்த வாரமும் அவர் மூட்டையோடுதான் நின்றார்.

இதேபோல வெளியே சொல்லாத இன்னொன்று, சிறுநீர். தேயிலைக் காட்டுக்குள் கழிப்பறை கிடையாது. புதர் மறைவில் ஒதுங்கலாம் என்றால் காட்டெருமை நிற்குமோ, கரடி படுத்திருக்குமோ என்று பயம். அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். எரிச்சல், காய்ச்சல் என்று வருகிறவர்களைக் கேட்டால் பாதிப் பேர் கதை இதுதான். கழிப்பறையும் மருத்துவ வசதியும் குழந்தைக் காப்பகமும் முதலாளியின் பொறுப்பு என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது.

அடுத்தது மாதவிலக்கு நிற்கும் வயது. ஒரு பெண்ணின் சினைப்பையில் முட்டைகள் உருவாவது அவள் பிறப்பதற்கு முன்பே. வயது ஏற ஏற அவை குறைந்துகொண்டே வரும். இருப்பு தீரத் தீர நம் பெண்களுக்குப் பெரும்பாலும் 46, 47 வயதில் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. உறைபனி விழும் ஜனவரி ராத்திரியில் கம்பளியை உதறிவிட்டு வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பவளுக்கு, என்ன நடக்கிறதென்று சொல்ல ஆள் இல்லை. எலும்பு தேய ஆரம்பிப்பதும் அப்போதுதான். அப்புறம், ஒரு வருஷம் முழுக்க மாதவிலக்கு நின்றவருக்குத் திரும்ப ரத்தம் பட்டால், அது ஒரு சொட்டாக இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். "திரும்ப வந்துடுச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்ன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அடிவயிறு கலங்கும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் விஷயத்தில் நமக்கு அவகாசம் உண்டு. அநேகமாக எல்லா நேரமும் அதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். தொற்றி, புற்றாக மாறப் பொதுவாகப் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிஷம் பார்த்தால், சந்தேகமான இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்சே செய்யலாம், லேப் வேண்டாம், வலிக்காது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான். ஆனால் பஸ் ஏறிப் போய் வந்தால் ஒருநாள் கூலி போச்சு என்று யாரும் போவதில்லை. வீட்டில் 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகள் இருந்தால் அதே வைரஸுக்குத் தடுப்பூசி போடச் சரியான வயது. முகாமுக்கு வரும் தாய்களிடமே சொல்லிவிடலாம்.

பரிசோதனைக்கு அரசு செவிலியர்கள் வருவார்கள். பணியர், குறும்பர், இருளர் ஆகிய பழங்குடிப் பெண்கள் உங்கள் தோட்டத்தில் வேலை செய்தால், பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான அரிவாள் செல் சோகைக்கும் சேர்த்து ரத்தம் பார்க்கலாம். தாழ்ப்பாள் உள்ள கதவு, ஒரு கட்டில், தண்ணீர், பெண் நர்ஸைத் தவிர வேறு யாரும் வாசலில் இல்லாத நிலை, இவை உங்கள் கையில் இருக்கின்றன. வருகிறவர்களுக்கு அரை நாள் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். டாக்டர் எழுதும் சீட்டை மதித்து, தேயிலை நாற்று நர்சரியிலோ குழந்தைக் காப்பகத்திலோ பாரமில்லாத வேலை கொடுங்கள், சம்பளம் குறையாமல்.

பனியில் கொழுந்து குறையும் ஜனவரி, பிப்ரவரியில் முகாமை வைத்தால் உங்களுக்கும் பெரிய நஷ்டம் வராது. தேதியை மட்டும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டிசம்பருக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்