சிறு தொட்டிக்கு ஒரு காந்தத் துடைப்பான்

சென்னை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மாலை நடையை மீண்டும் தொடங்கியிருக்கிறாய் என்ற செய்தி ஆறுதல் தந்தது. மேசைமேல் பத்து லிட்டர் தொட்டி ஒன்றை அமைத்து அதில் ஒரு ஃபைட்டர் மீனைக் குடிவைத்திருக்கிறாய் என்ற செய்தி அதைவிட மகிழ்ச்சி தந்தது. கண்ணாடியில் பச்சை படிகிறது, கையை விட்டுத் துடைத்தால் மீன் மிரண்டு செடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது, கடையில் வாங்கிய, கண்ணாடிக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு காந்தப் பகுதிகள் கொண்ட மேக்னட் கிளீனரோ தொட்டியின் கால்வாசியை அடைத்துக்கொண்டு, கண்ணாடியை இறுகப் பற்றி, நகர்த்தும்போதெல்லாம் தொட்டியையே உலுக்குகிறது என்றெல்லாம் எழுதி, நான் என்ன செய்கிறேன் என்று கேட்டிருந்தாய். சென்ற நான்கு மாதங்களாக நானே செய்த ஒரு சிறு துடைப்பானைப் பயன்படுத்தி வருகிறேன். அதைப் பற்றித்தான் இக்கடிதம் முழுவதும் எழுதப்போகிறேன்.

பெரிய தொட்டிக்கான கருவி சிறிய தொட்டிக்கு ஏன் ஒத்துவரவில்லை என்பதை முதலில் சொல்கிறேன். காந்தத்தின் இழுவிசை இடைவெளி கூடக்கூட மிக வேகமாகக் குறைகிறது. பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடியைத் தாண்டி இழுக்க வேண்டிய காந்தம் மிகவும் வலியதாக இருந்தே ஆக வேண்டும். அதே காந்தத்தை உன் தொட்டியின் நான்கு மில்லிமீட்டர் கண்ணாடியில் வைத்தால், இரு பகுதிகளும் ஒன்றையொன்று தேவைக்குப் பல மடங்கு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு இறுக்கத்தில் ஒரே ஒரு மணல் துகள் இடையில் அகப்பட்டாலும் கண்ணாடியில் கோடு விழுந்துவிடும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சாதாரணக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 5.5 என்றால், ஆற்று மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. அக்ரிலிக் எனும் தெளிவான பிளாஸ்டிக்கில் செய்த தொட்டியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதன் கடினம் 3 அளவில்தான் இருக்கிறது. ஆகவே நமக்குத் தேவை பாசியை அகற்றும் அளவுக்கு மட்டும் பற்றுகிற, பற்று விட்டுப்போனால் கண்ணாடியில் மோதாமல் மிதந்து மேலே வருகிற ஒரு சிறு பொருள்.

பள்ளி ஆய்வகத்தில் தாளின் மேல் குண்டூசியை வைத்து, கீழே லாடக் காந்தத்தை நகர்த்தி அதை ஓடவிட்டோமே, நினைவிருக்கிறதா? இதுவும் அதே வேலைதான். அந்த லாடக் காந்தத்தின் இடத்தில் இன்று ஒரு சட்டைப் பொத்தான் அளவுள்ள நியோடிமியம் காந்தம் இருக்கிறது. நியோடிமியம், இரும்பு, போரான் ஆகிய மூன்றும் சேர்ந்த இக்காந்தத்தை 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், தனியாக அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் உருவாக்கினார்கள். நாம் லாடக் காந்தத்தோடு விளையாடிய காலத்துக்குச் சற்றுப் பின்னால்தான் இது பிறந்தது என்பதை எண்ணும்போது எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் பத்து மில்லிமீட்டர் விட்டமும் மூன்று மில்லிமீட்டர் கனமும் உள்ள வட்டக் காந்தங்கள் கிடைக்கும். அவற்றில் ஆறு போதும்.

இனி என் முதல் முயற்சியைப் பற்றி எழுதுகிறேன். நீ அதே தவற்றைச் செய்துவிடக் கூடாது. தண்ணீர் பாட்டிலின் மூடி ஒன்றை எடுத்து, அதனுள் இரண்டு காந்தங்களை வைத்து, மேலே சிலிக்கோன் பசையை நிரப்பி அடைத்தேன். பார்ப்பதற்கு மிகவும் நேர்த்தியாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் மூடியின் ஓரத்தில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கசிவு தெரிந்தது. எடுத்துப் பார்த்தபோது சிலிக்கோன் முழுவதும் ஒரே வில்லையாகக் கழன்று வந்தது. பாட்டில் மூடி பாலிஎத்திலீனால் ஆனது. அந்தப் பிளாஸ்டிக்கில் சிலிக்கோனோ எபாக்சியோ உறுதியாக ஒட்டுவதில்லை. ஒட்டாத விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போய், மேல்பூச்சு சிதைந்திருந்த ஓரிடத்தில் காந்தம் துருப்பிடித்திருந்தது. இரும்புத் துரு ஒருபுறம் இருக்கட்டும். இக்காந்தங்களின் பளபளப்பான நிக்கல் பூச்சுக்கு அடியில் பெரும்பாலும் ஒரு செப்புப் படலம் உண்டு. செம்பு மிகச் சிறிய அளவில் கரைந்தாலும் இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு. என் தொட்டியில் அப்போது பதினொரு செர்ரி இறால்கள் இருந்தன. அன்று இரவே பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு அவற்றை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பதினொன்றும் பிழைத்தன. ஆனால் பத்து லிட்டர் தண்ணீர் எவ்வளவு குறைவு, அதில் எது கரைந்தாலும் உயிர்கள் ஒதுங்குவதற்கு வேறு இடமே இல்லை என்பது அந்த இரவில்தான் எனக்கு முழுமையாக உறைத்தது. காந்தம் தண்ணீரைத் தொடவே கூடாது. இந்த ஒன்றில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம்.

இரண்டாவது முறை அக்ரிலிக்கைத் தேர்ந்துகொண்டேன். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் இரண்டு மில்லிமீட்டர் தகட்டின் வெட்டுத்துண்டுகள் எப்போதும் கிடக்கும். 30 மில்லிமீட்டர் நீளம், 25 அகலம், 15 உயரம் என வெளியளவு கொண்ட ஒரு சிறு பெட்டியாக ஆறு தகடுகளை வெட்டச் சொன்னேன். அங்கே அக்ரிலிக்கைக் குளோரோஃபார்ம் தடவித்தான் இணைக்கிறார்கள். அது தகட்டின் விளிம்பையே கரைத்து ஒன்றோடொன்று சேர்த்துவிடுவதால், பசைபோலப் பிறகு உரிந்து வருவதில்லை. அதன் ஆவி உடலுக்குத் தீங்கானது. வீட்டில் செய்யாமல் பழகிய கைகளிடமே விட்டுவிடு. காந்தங்களை உள்ளே ஒட்டி முடிக்கும்வரை மேல்தகட்டை மூட வேண்டாம் என்று சொல்லி, ஐந்து பக்கங்களோடு பெட்டியை வாங்கி வந்தேன்.

உள்ளே ஒரு காந்தமா, இரண்டா என்று நீ கேட்பாய். இரண்டு வேண்டும்; காரணம் வலிமை மட்டுமன்று. நடுவில் ஒரே ஒரு வட்டக் காந்தம் இருந்தால், வெளியே நீ மணிக்கட்டைத் திருப்பினாலும் உள்ளே இருப்பது திரும்பாது. வட்டத்துக்கு எல்லாத் திசையும் ஒன்றுதானே. இரண்டு காந்தங்களை அருகருகே, ஒன்றின் வடமுனை மேலே, மற்றதன் வடமுனை கீழே இருக்குமாறு வைத்தால், வெளிப்பகுதி திரும்பும் திசையிலெல்லாம் உட்பகுதியும் கூடவே திரும்பும். பாசி ஓரிடத்தில் கெட்டியாக ஒட்டியிருந்தால், அங்கேயே நிறுத்தி அரைவட்டமாகத் திருப்பித் திருப்பித் தேய்க்கலாம். என் துடைப்பானில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான். ஒன்றை ஒட்டி நன்றாக உலரவிட்ட பிறகே அடுத்ததை ஒட்டு. இல்லையென்றால் இரண்டும் துள்ளி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இவை எளிதில் நொறுங்குபவை, அடிபட்டால் விளிம்பு தெறித்துவிடும். உள்ளே இவற்றை நிறுத்தி வைக்க எபாக்சி போதும்.

மிதக்குமா என்பதைச் செய்வதற்கு முன்பே கணக்கிட்டுக்கொள்ளலாம். பெட்டியின் வெளிப்பருமன் 3 × 2.5 × 1.5, அதாவது 11.25 கன சென்டிமீட்டர். அது முழுவதும் மூழ்கினால் ஏறத்தாழ 11.25 கிராம் தண்ணீரை விலக்கும். அக்ரிலிக் தகடுகள் மட்டும் ஆறு கிராமுக்குச் சற்று மேல். ஒரு காந்தம் 1.8 கிராமுக்குச் சற்றுக் குறைவு; இரண்டும் சேர்ந்து மூன்றரை. பாசியைச் சுரண்ட அடியில் ஒட்டும் பட்டையும் பசையும் அரை கிராம். மொத்தம் பத்தேகால் கிராம் வருகிறது. ஒரு கிராம் அளவுக்குத்தான் இடம் மிச்சம். ஆகவே பசையை அள்ளி அப்பிவிடாதே. உள்ளே எதையும் அடைக்கவும் வேண்டாம், காற்று மட்டும் இருக்கட்டும். வலு போதவில்லை என்று தோன்றினால் உட்பகுதியில் கைவைக்காமல் வெளிப்பகுதியில் காந்தத்தைக் கூட்டிக்கொள். வெளியே இருப்பது எவ்வளவு கனத்தாலும் மிதப்பைப் பாதிக்காது. என் வெளிப்பகுதியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டிரண்டு அடுக்கியிருக்கிறேன். நான்கு மில்லிமீட்டர் கண்ணாடிக்கு அது சரியாக இருக்கிறது.

காந்தங்களை ஒட்டியபின் கடையிலேயே மேல்தகட்டையும் இணைத்து மூடிய பெட்டியை இரண்டு நாள் காற்றில் உலரவிட்ட பின், வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்திப் பிடித்தேன். உள்ளே உள்ள காற்று விரிவதால், எங்காவது நுண்துளை இருந்தால் குமிழி வந்து காட்டிக்கொடுத்துவிடும். கொதிநீர் வேண்டாம், சாதாரண வகை நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலிமையை இழக்கத் தொடங்கும். அதன்பின் ஒரு வாரம் உப்புநீர்க் கிண்ணத்தில் போட்டு வைத்தேன். எங்காவது நீர் புகுந்தால் உப்பு துருவை விரைவுபடுத்தும். அக்ரிலிக் கண்ணாடிபோல் இருப்பதால் உள்ளே ஒரு துளி ஈரம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எட்டாம் நாள் காந்தங்கள் வைத்தபடியே பளபளப்பாக இருந்தன. பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக்கொண்டேன்.

வெளிப்பகுதியைச் செய்வது எளிது. விரல்களுக்கு அடங்கும் ஒரு தேக்குக் கட்டையை எடுத்து உப்புத்தாளால் மழுங்கத் தேய்த்துக்கொண்டேன். முனைகளைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி உண்டு. உட்பெட்டியை ஒரு கண்ணாடித் துண்டுக்கு அடியில் வைத்து, வெளிக்காந்தங்களை மேலே விட்டால் அவையே தத்தம் இணையைத் தேடிப்போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே தெரியும் முகத்தில் மார்க்கர் பேனாவால் குறியிட்டு, அதே இடைவெளியில், குறியிட்ட முகம் மரத்தைப் பார்க்குமாறு ஒட்ட வேண்டியதுதான். கண்ணாடியைத் தொடும் பக்கத்துக்குக் கரும்பலகை டஸ்டரில் இருக்கும் கம்பளித் துணியை வெட்டி ஒட்டியிருக்கிறேன். உட்பகுதிக்கு வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம். அதன் நைலான் கொக்கிகள் பாசியைச் சுரண்டும், ஆனால் கண்ணாடியைவிட மென்மையானவை. வெல்க்ரோவோடு வரும் பசை நீரில் நிற்காது. அதை நீக்கிவிட்டு, அக்ரிலிக்கை உப்புத்தாளால் சற்றுச் சொரசொரப்பாக்கி, பூஞ்சைக்கொல்லி கலக்காத சிலிக்கோனால் ஒட்டு. அது உலரும்போது எழும் காடி வாசனை முற்றிலும் போகும்வரை தொட்டியில் இடாதே. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை மட்டும் ஒருபோதும் பயன்படுத்தாதே, அதில் தேய்ப்புத் துகள்கள் உண்டு.

வாரம் இருமுறை, இரண்டே நிமிடம் துடைக்கிறேன். பாசி மெல்லிய படலமாக இருக்கும்போதே துடைத்தால் இந்தச் சிறு காந்தம் போதும்; கெட்டிப் புள்ளிகளாக இறுகிவிட்டால் போதாது, அப்போது பழைய ஏடிஎம் அட்டையின் விளிம்பால்தான் சுரண்ட வேண்டும். மேலிருந்து தொடங்கி, மணலுக்கு மேல் இரண்டு விரற்கடை உயரத்தில் நிறுத்திவிடுகிறேன். மூலைகளில் உள்ள சிலிக்கோன் இணைப்பின் அருகே கொண்டுபோவதில்லை. துடைத்த உடனே கால்பங்குத் தண்ணீரை மாற்றினால் உதிர்ந்த பாசியும் போய்விடும். உன் தொட்டி புதியது என்பதால் முதல் சில வாரங்களில் டயாட்டம் எனும் நுண்பாசியின் பழுப்பு நிறப் படலம்தான் மிகுதியாக வரும். அது விரல் பட்டாலே போய்விடும், கவலைப்படாதே. விளக்கு எரியும் நேரத்தை ஆறு மணி நேரமாகக் குறைத்துப் பார். மீனைப் பொறுத்தவரை, முதல் இரண்டு மூன்று முறை செவுளை விரித்துக்கொண்டு பெட்டியை எதிர்க்க வரலாம். மெதுவாக நகர்த்து, பழகிவிடும்.

உன் பேரக்குழந்தைகள் விடுமுறைக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். உதிரிக் காந்தங்களை அவர்கள் கைக்கு எட்டாமல் பூட்டி வை. இரண்டு காந்தங்களை ஒரு குழந்தை விழுங்கிவிட்டால், அவை குடலின் சுவர்களை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும். உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய ஆபத்து அது. துடைப்பானையும் வேலை முடிந்ததும் அலமாரியில் வைத்துவிடு.

பெட்டியின் ஆறு தகடுகளையும் அளவோடு வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன். உன் தொட்டிக் கண்ணாடியின் கனத்தை மேல் விளிம்பில் அளந்து எழுது. நான்கு மில்லிமீட்டராக இருந்தால் இதே அளவு பொருந்தும். ஐந்தாக இருந்தால் வெளியே மூன்று மூன்று காந்தங்களாக அடுக்க வேண்டியிருக்கும். அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது காந்தங்களை நானே கொண்டு வருகிறேன்.

உன் அன்புள்ள நண்பன்