வட்டாரக் காற்பந்து ரசிகர் சங்கம், சிங்கப்பூர்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒருமுறை தவறாமல் கூடியது. சந்தா பெரும்பாலும் வசூலாகிவிட்டது. வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் அக்கா தனியாக வாசிப்பார். பிள்ளைகளுக்கான ஐவர் காற்பந்து மழையால் தள்ளிப்போனாலும் நல்லபடியாக நடந்து முடிந்தது. தீபாவளி ஒன்றுகூடலில் கடைசிப் பந்திக்குச் சாப்பாடு போதவில்லை. காத்திருந்தவர்களிடம் சங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை கூடுதலாகச் சொல்லி வைப்போம்.

இனி இந்த ஆண்டின் பெரிய வேலைக்கு வருகிறேன். ஜூலை 23, புதன்கிழமை இங்கிலாந்தின் ஆர்சனலும் இத்தாலியின் ஏசி மிலானும், ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை ஆர்சனலும் இன்னொரு இங்கிலாந்துக் குழுவான நியூகாசலும் கல்லாங்கில் உள்ள நம் தேசிய விளையாட்டரங்கத்தில் மோதின. இரண்டுமே பருவத்துக்கு முந்தைய ஆட்டங்கள், அதாவது லீக் தொடங்குமுன் ஆடும் நட்புமுறை ஆட்டங்கள். வெறும் பார்வையாளர்களாகப் போகாமல் ஆட்டக்காரர்களை முறையாக மதிப்பிடுவோம் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவு செய்திருந்தோம். அது எப்படி நடந்தது, எங்கே தவறினோம் என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

இந்த முடிவுக்குக் காரணம் 2019. அந்த ஆண்டு ஜூலை 21 அன்று இதே அரங்கத்தில் இங்கிலாந்தின் டோட்டன்ஹம் இத்தாலியின் யுவென்டசை 3-2 என்று வென்றது பழைய உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். 90 நிமிடத்துக்கு மேல் சேர்த்த நேரத்தில் டோட்டன்ஹமின் ஹேரி கேன் நடுக்கோட்டருகிலிருந்து தூக்கி அடித்த பந்து, முன்னால் வந்து நின்றிருந்த யுவென்டஸ் கோல்காப்பாளர் ஷ்செஸ்னியின் தலைக்கு மேலே போய் வலைக்குள் விழுந்தது. பிரான்சின் லியோன் குழுவிலிருந்து அப்போதுதான் வாங்கப்பட்டிருந்த டாங்கி என்டோம்பெலே இரண்டாம் பாதியில் இறங்கி, சிறிது நேரத்திலேயே லூக்கஸ் மோராவின் கோலுக்குப் பந்து கொடுத்தார். அன்றிரவு காப்பிக்கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்குப் பத்துக்கு ஒன்பது போட்டோம். ஆகஸ்டில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரான முதல் லீக் ஆட்டத்தில் அவர் கோலும் போட்டார். நாம் சரியாகத்தான் கணித்தோம் என்று இருந்தோம். 2020 மார்ச்சில் பர்ன்லி ஆட்டத்தின் இடைவேளையோடு பயிற்றுவிப்பாளர் மொரின்யோ அவரை வெளியே எடுத்தார். அப்புறம் வேறு குழுவுக்கு இரவல், மறுபடியும் இரவல். 2024இல் ஒப்பந்தமே முடித்துக்கொள்ளப்பட்டது. அவரை வாங்கக் கொடுத்த அளவுக்கு டோட்டன்ஹம் அதற்கு முன் யாருக்கும் பணம் கொடுத்ததில்லை.

திறமையை நாங்கள் தவறாகப் பார்க்கவில்லை. அந்தக் கால்களில் திறமை இருந்தது உண்மை. ஒரு தொடுதலைப் பார்த்துவிட்டு ஒரு பருவத்துக்கே மார்க் போட்டதுதான் தவறு. லீக் தொடங்க ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கும்போது நடக்கும் ஆட்டம் இது. கோடைக்கால லண்டனுக்கும் நமக்கும் ஏழு மணி நேர வித்தியாசம். வந்து இறங்கியவுடன் நம் ஊர்ப் புழுக்கம். காலையில் கடும் பயிற்சி கொடுத்துவிட்டு மாலையில் ஆட விடும் பயிற்றுவிப்பாளர்களும் உண்டு, அதனால் கால் கனமாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரத்தில் பாதிக் குழு மாறிவிடும். முதல் பாதியில் ஒருவர் எதிர்கொண்ட தற்காப்பும் 75ஆம் நிமிடத்தில் இன்னொருவர் எதிர்கொண்ட தற்காப்பும் ஒன்றல்ல.

ஆகவே இம்முறை படிவம் அச்சடித்தோம். ஓர் உறுப்பினருக்கு ஓர் ஆட்டக்காரர். பந்து எங்கே போனாலும் அவரையே பார்க்க வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். முதல் தொடுதல், பந்து இல்லாதபோது ஓட்டம், பந்தை இழந்தவுடன் என்ன செய்தார், பக்கத்தில் இருப்பவரிடம் பேசினாரா என்று நான்கு வரிகள். கோலுக்குத் தனி வரி வைக்கவில்லை. மார்க்கை அன்றிரவு போடக்கூடாது, மறுநாள் காலையில் போட வேண்டும் என்றும் விதி வைத்தோம்.

மிலான் ஆட்டத்தில் இந்த முறை தடுமாறியது. சாக்காவின் கோலில் ஆர்சனல் 1-0 என்று வென்றது. ஆனால் முன்பே பேசி வைத்திருந்தபடி அதற்குப் பிறகும் பெனால்டி அடித்தார்கள், அதில் மிலான் 6-5 என்று வென்றது. பெனால்டியைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று படிவத்தில் ஒன்றும் இல்லை. சிலர் சேர்த்தார்கள், சிலர் சேர்க்கவில்லை. அந்த நாளின் படிவங்களைச் செயற்குழு பதிவேட்டில் ஏற்றவில்லை.

நியூகாசல் ஆட்டத்தில்தான் வேலை சூடுபிடித்தது. ஆறாம் நிமிடத்திலேயே நியூகாசலின் ஆந்தனி எலாங்கா கோல் போட்டார். நாட்டிங்ஹம் ஃபாரஸ்டிலிருந்து புதிதாக வந்தவர் என்பதால் எங்கள் வரிசையே எழுந்துவிட்டது. அவரைப் பார்க்கும் பொறுப்பில் இருந்த துணைச் செயலாளர் மட்டும் உட்கார்ந்தபடி எழுதிக்கொண்டிருந்தார். “கோலை எல்லாரும் பார்த்தாச்சு, அதுக்கப்புறம் அவர் பின்னால வந்து உதவுறாரான்னு நான்தான பாக்கணும்” என்றார். சங்கத்தின் பாராட்டை அவருக்கு இங்கே பதிவு செய்கிறேன். பிறகு ஆர்சனலின் மெரினோ சமன் செய்தார். நியூகாசலின் அலெக்ஸ் மர்ஃபி தன் வலைக்குள்ளேயே அடித்த சொந்த கோலால் ஆர்சனல் முந்தியது, ஜேக்கப் மர்ஃபி மறுபடியும் சமன் செய்தார்.

நம் இளம் உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். வயது பதினைந்து, உயர்நிலை மூன்றில் படிக்கிறார். அவருக்கு நியூகாசலின் அலெக்சாண்டர் இசாக்கை ஒதுக்கியிருந்தோம். ஒரு வாரமாகப் பழைய ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தார். இசாக் ஆசியப் பயணத்துக்கே வரவில்லை. தொடையில் காயம் என்றது குழு, செப்டம்பர் முதல் தேதி அவர் லிவர்பூலுக்குப் போய்விட்டார். தம்பியின் முகம் வாடிப்போனது. “சரி, இரண்டாம் பாதியில் யார் புதிதாக இறங்கினாலும் ஒருவரைப் பிடித்துக்கொள்” என்று வெற்றுப் படிவம் ஒன்றைக் கொடுத்தேன்.

அவர் பிடித்துக்கொண்டது ஆர்சனலின் மேக்ஸ் டௌமனை. டௌமனுக்கும் அன்று வயது பதினைந்துதான். வலப்பக்கம் ஆடும் இடக்கால் பையன். தம்பியின் படிவம் என் கையில் இருக்கிறது. பென்சில் எழுத்து, ஓரத்தில் மைலோ கறை. ‘பந்து வருமுன்னே திரும்பிப் பார்க்கிறார்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். அதற்குக் கீழே ‘பந்தைப் பின்னால் தள்ளவில்லை, ஆளை நோக்கியே போகிறார்’. அதற்கும் கீழே, அவசரத்தில் சாய்ந்த எழுத்தில், ‘ஜோலின்டன் தடுக்கி விழ வைத்தார், பெனால்டி’. 84ஆம் நிமிடத்தில் ஓடகார்ட் அதை உள்ளே அடித்தார். ஆர்சனல் 3-2.

மறுநாள் காலை தம்பி எட்டு மார்க் போட்டு அனுப்பினார். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய தேசிய அரங்கத்தில் சிங்கப்பூர் ஆட்டக்காரர் சுந்தரமூர்த்தி பந்தைத் தொட்டால் கூட்டமே எழுந்து நிற்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர், எளிதில் மயங்க மாட்டார். களைத்துப்போன தற்காப்புக்கு எதிரே புதுக் காலோடு இறங்கியவருக்கு எட்டு போடலாமா என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. என்டோம்பெலேயை மறந்துவிட்டீர்களா என்றும் கேட்டார். பதிவேட்டில் ஆறு என்று மாற்றி எழுதியது நான்.

ஆகஸ்ட் 23 அன்று ஆர்சனல் லீட்சை 5-0 என்று வென்ற ஆட்டத்தில் டௌமன் இரண்டாம் பாதியில் இறங்கினார். இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரிமியர் லீக்கின் வரலாற்றில் அவரைவிடச் சிறிய வயதில் ஆடியவர் அதே குழுவின் ஈத்தன் நுவானேரி ஒருவர்தான். அந்த ஆட்டத்திலும் டௌமன் ஆளை நோக்கியே போனார், அங்கேயும் பெனால்டி கிடைத்தது. நவம்பரில், ஐரோப்பியக் குழுக்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய மிக இளையவரும் அவரே ஆனார்.

ஆறு தவறு, எட்டுதான் சரி என்று நான் சொல்ல வரவில்லை. பதினைந்து வயதுக்காரர் எதிர்காலத்தில் என்ன ஆவார் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தம்பி எழுதிய மூன்று வரிகளும் அப்படியே நின்றன. எங்கள் எண்தான் ஆடிப்போனது. பருவத்துக்கு முந்தைய ஆட்டத்தில் நாம் எழுதி வைக்க வேண்டியது ஒருவருடைய பழக்கத்தை. முன்னே திரும்பிப் பார்ப்பது, ஆளை எதிர்கொள்வது, பந்தை இழந்ததும் விரட்டுவது எல்லாம் நட்புமுறை ஆட்டத்திலும் லீக்கிலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

இன்னொன்று. ஜூலை 31 அன்று ஹாங்காங்கில் டோட்டன்ஹம் ஆர்சனலை 1-0 என்று வென்றதைச் சமூக மன்றத்தில் சேர்ந்து பார்த்தோம். கேன் அடித்ததைப் போலவே டோட்டன்ஹமின் பாப்பே சார் நடுக்கோட்டருகிலிருந்து ஆர்சனல் கோல்காப்பாளர் ராயாவின் தலைக்கு மேலே அடித்தார். ராயாவுக்கு மூன்று, நான்கு என்று மார்க் வந்து குவிந்தது. ஆர்சனலில் கோல்காப்பாளர் முன்னால் வந்து நிற்பது குழுவே வகுத்த முறை. சொன்ன இடத்தில் நின்றவரைக் குறை சொல்லுமுன், பந்து எங்கே பறிபோனது என்று பார்த்திருக்க வேண்டும். அந்த மார்க்குகளைத் திரும்பப் பெறும்படி செயற்குழு கேட்டுக்கொண்டது. எல்லாரும் ஒத்துழைத்தார்கள், நன்றி.

இவற்றை வைத்து இரண்டு மாற்றங்களைப் பொதுக்கூட்டத்தின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். முப்பது நிமிடத்துக்குக் குறைவாக ஆடியவருக்கு எண் வேண்டாம், குறிப்பு மட்டும் போதும். பெனால்டி வரிசையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஜூலைப் படிவங்களை டிசம்பரில் எடுத்துத் திரும்பப் படிக்கும் கூட்டம் ஒன்றும் நடத்த விரும்புகிறோம். அதற்கு ஒப்புதல் தேவையில்லை, ஆள்தான் தேவை.

படிவப் பொறுப்பாளராக அந்த இளம் உறுப்பினரை மூத்த உறுப்பினரே முன்மொழிந்திருக்கிறார். தேர்வுக் காலத்தில் தொந்தரவு செய்யக்கூடாது என்று தம்பியின் அம்மா சொல்லியிருக்கிறார், அதற்குச் சம்மதித்திருக்கிறோம். நியூகாசல் ஆட்டத்தின் படிவங்கள் அனைத்தும் வாசல் பக்க மேசையில் இருக்கின்றன. உங்களுடையதை எடுத்துப் பார்த்துவிட்டு, தயவுசெய்து அதே கோப்பில் திரும்ப வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்