கணினிச் செயலிகள் (processors) பெருகினால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

சூப்பர் கணினி பற்றிய உங்கள் கட்டுரை வேகத்தை மட்டுமே புகழ்கிறது. அதைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதையும் எழுதியிருக்கலாம். உயிர்வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 2017இல் வெளியான ஈ.கோலை பாக்டீரியாவின் வளர்சிதை மாற்றத்தை, அதாவது செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளை, கணக்கிடும் கணினி மாதிரியில் 1,515 மரபணுக்கள் உள்ளன. எந்த இரண்டை ஒருசேர நீக்கினால் செல் மடியும் என்று தேட, சுமார் 11.5 லட்சம் ஜோடிகள். மும்மூன்றாக என்றால் ஏறத்தாழ 58 கோடி! ஒன்றின் கணக்குக்கு மற்றதன் விடை தேவையில்லை; பல செயலிகளுக்குத் தாராளமாகப் பங்கிடலாம். ஆனால் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட முறை, மரபணுக்கள் இயக்கும் வேதிவினைகளில், செல் வளரும்போது ஓட்டமே இல்லாத (அதாவது நடக்காத) வினைகள் மட்டும் சேர்ந்த கூட்டுகளை முதலிலேயே கழித்துவிடுகிறது; அவற்றை நீக்கினாலும் செல் மடியாதே. மிஞ்சியதைப் பங்கிட்டால் போதும். இந்தச் சாமர்த்தியத்துக்கும் நாலு வரி ஒதுக்குங்கள்.

– ஓய்வு பெற்ற பேராசிரியர், தஞ்சாவூர்