நகராத ஊர்வலம்

பங்காளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குப் பெயர் வைத்த கதையை இவளுக்குப் படித்துக் காட்டினேன், சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சொன்ன எல்லாப் பெயர்களையும் கோத்து ஒன்றாக வைத்திருக்கிறீர்கள். பாஸ்போர்ட் படிவத்தில் அத்தனை கட்டம் இருக்கிறதா என்று யாராவது பார்த்தீர்களா?

இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு மே மாதத்தில் இந்த வருஷப் படிப்பு முடிந்தது. ஹாஸ்டலைக் காலி செய்து சாமான்களை ஏற்றி வர நானும் இவளும் காரில் மினியாபொலிஸ் போனோம். சிகாகோவிலிருந்து 400 மைல். நெடுஞ்சாலையிலேயே போனால் ஒரே நாள் வேலைதான். ஆனால் இவளுக்கு நெடுஞ்சாலை ஆகாது. 'எங்கே பார்த்தாலும் ஒரே பெட்ரோல் பங்க், ஒரே பர்கர் கடை, இதற்கு எதற்கு ஜன்னல்?' என்பாள். அதனால் லா கிராஸ் ஊரில் மிசிசிப்பியைத் தாண்டியதும் பெரிய சாலையை விட்டு இறங்கி, 16-ஆம் எண் சாலையைப் பிடித்தோம்.

மினசோட்டா என்றால் தட்டையான சோளக் காடு என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். தென்கிழக்கு மூலை மட்டும் அப்படியில்லை. கடைசிப் பனியுகத்தில் பனிப்பாறைகள் சுற்றியிருந்த ஊரையெல்லாம் தேய்த்துத் தட்டையாக்கிவிட்டு, இந்தப் பகுதியை மட்டும் விட்டுவைத்துவிட்டன. அதனால் குன்றும் பள்ளத்தாக்கும் அப்படியே இருக்கின்றன. சாலை வளைந்து வளைந்து ரூட் என்ற சின்ன ஆற்றோடு போகிறது. ரஷ்ஃபோர்ட், பீட்டர்சன் என்று நடுவில் வரும் ஊர்களெல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகின்றன. அப்படியொரு ஊர்தான் வேய்லன். அங்கே போனபோது சாலையோரம் முழுக்கக் கார், புல்வெளி முழுக்கக் கார். ஊரின் மக்கள்தொகை நூறுகூடக் கிடையாது. இத்தனை கார் எதற்கு என்று நாங்களும் நிறுத்தினோம்.

ஊர்வலமாம். நார்வேயின் அரசியல் சட்ட நாளுக்கு. 1814 மே 17-இல் அவர்கள் அதில் கையெழுத்திட்டார்கள். அந்த நாளை ஒட்டி வரும் ஒரு சனிக்கிழமையில் இங்கே கொண்டாடுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் நார்வேயிலிருந்து கப்பலேறி வந்தவர்களில் ஏராளமானோர் இந்தப் பக்கம்தான் நிலம் வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். வீட்டு வாசலில் எல்லாம் சிவப்புக் கொடி, நடுவே வெள்ளை விளிம்போடு நீலச் சிலுவை.

ஊர்வலம் என்றதும் நீ என்ன நினைப்பாய்? பேண்டு முன்னால் போகும், அலங்கார வண்டிகள் பின்னால் வரும், ஜனங்கள் இரண்டு பக்கமும் நிற்பார்கள். இங்கே அத்தனையும் இருக்கிறது, ஆனால் ஒன்றும் நகராது. பேண்டு ஓரிடத்தில். வண்டிகள் ஓரிடத்தில். குதிரை, டிராக்டர், தீயணைப்பு வண்டி எல்லாம் தெருவில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஜனங்கள்தான் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். தேர் நிலையிலேயே நிற்க, ஊர் அதைச் சுற்றி வருகிற மாதிரி. ஏன் இப்படி என்று கேட்டால், ஊர் அவ்வளவுதான் என்கிறார்கள். உண்மைதான். பேண்டு நடக்க ஆரம்பித்தால், வாலில் நிற்கிற குதிரை கிளம்புவதற்குள் தலை ஊரைத் தாண்டி வயலுக்குள் போய்விடும். அதனால் 1990-களின் நடுவில் 'நிற்கும் ஊர்வலம்' என்று ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். பெயருக்கு முன்னால் 'உலகப் புகழ்பெற்ற' என்று வேறு போட்டுக்கொள்கிறார்கள். தங்களையே கிண்டல் செய்துகொள்ளத் தெரிந்த ஊர்.

வெளியூர்க் குடும்பம் ஒன்று மடக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஐஸ் பெட்டியும் குடையுமாக, ஊர்வலம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தது. வெகுநேரம் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. உள்ளூர்க்காரர்கள் கடந்து போகும்போதெல்லாம் கையசைத்துவிட்டுப் போனார்கள். அவர்களும் மரியாதையாகக் கையசைத்தார்கள். கடைசியில் அவர்களுடைய சின்னப் பையன்தான் கண்டுபிடித்தான். மற்ற ஊர்களில் வண்டியிலிருந்து மிட்டாயை வாரி இறைப்பார்கள், பிள்ளைகள் ஓடிப் பொறுக்கும். இங்கே யாரும் இறைப்பதில்லை, பையைத் தூக்கிக்கொண்டு வண்டி வண்டியாகப் போய் வாங்க வேண்டும். மற்ற பிள்ளைகளின் பை நிறைவதைப் பார்த்ததும் அவன் எழுந்து நடந்துவிட்டான், பின்னாலேயே நாற்காலிகளும் கிளம்பின.

நான் மாட்டிக்கொண்டது டிராக்டர் வரிசையில். ஜான் டீர் மாடல் பி, பச்சை உடம்பு, மஞ்சள் சக்கரம். 1940-க்கு முன்பின் செய்ததாக இருக்கும். கிடைவாட்டில் இரண்டே சிலிண்டர். பாலிடெக்னிக்கில் நாம் ரெக்கார்டு நோட்டில் வெட்டுத்தோற்றம் வரைந்து வரைந்து அழித்தோமே, அந்த மாதிரி எஞ்சின் நிஜத்தில் எதிரே நிற்கிறது! உரிமையாளர் எண்பதை நெருங்கியவர். ஓடுமா என்று கேட்டேன், அதற்குத்தான் காத்திருந்தார் போல. சிலிண்டரில் இருக்கும் சின்னத் திருகுகள் இரண்டையும் முதலில் திறந்துவிட்டார், உள்ளே அழுத்தம் ஏறாமல் இருக்க. பிறகு பக்கவாட்டில் வெளியே தெரிகிற ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு உருட்டு. ஒன்றுமில்லை. இன்னொரு உருட்டு. புஸ்ஸென்று இரண்டு திருகிலும் புகை கிளம்பி, பக்... பக்... பக் என்று பிடித்துக்கொண்டது. திருகை மூடினார், சத்தம் கனத்துத் தெருவே அதிர்ந்தது. சுய ஸ்டார்ட்டர் இல்லாத பழைய வண்டிக்கு இதுதான் வழி. கிராங்க் கம்பி திருப்பி அடித்துக் கை உடைகிற பயமும் இல்லை. என்னையும் ஒருமுறை உருட்டவிட்டார். நகர்கிற ஊர்வலத்தில் இது நடக்குமா? டிராக்டர் வரும், அவர் தொப்பியைத் தூக்குவார், நாம் போட்டோ எடுப்போம், அடுத்தது வந்துவிடும்.

எங்கிருந்து வருகிறாய் என்றார். சிகாகோ என்றேன். 'இல்லை, அதற்கு முன்னால்?' மதுரை என்றேன். தலையாட்டிவிட்டு, 'நான் இங்கே ஓரமாய் உட்கார்ந்து உங்கள் எல்லோரையும் வேடிக்கை பார்க்கிறேன், இந்த வருஷம் ஊர்வலம் நன்றாக இருக்கிறது' என்றார். அது எனக்கு நன்றாக உறைத்தது. எவ்வளவு ஊர்வலம் பார்த்திருக்கிறோம், அதில் போகிற ஆளிடம் ஒரு வார்த்தை பேசியதுண்டா? நம் முன்னால் கடந்து போகிற அந்தச் சில நொடிகள்தான் நமக்கு மிச்சம். இங்கே பிடித்ததன் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், பிடிக்காததைத் தாண்டிப் போய்விடலாம். வேடிக்கைக்குச் செய்த ஏற்பாடு, ஆனால் அசலைவிட இதுதான் உருப்படி என்பேன்.

அடுத்த வண்டியில் நார்வே உடையில் ஏழெட்டுப் பாட்டிகள் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். கம்பளிப் பாவாடை, பூவேலை செய்த மேலாடை, கழுத்தருகே வெள்ளிப் பதக்கம். பதக்கத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டித் தகடுகள் தொங்கி, அசையும்போதெல்லாம் மினுக்கின. இவள் அங்கேயே நின்றுவிட்டாள். ஒரு பாட்டியிடம் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டு, பின்பக்கம் ஊசி எப்படி வைத்திருக்கிறது என்பது வரை பார்த்துவிட்டாள். கொள்ளுப்பாட்டி கப்பலில் கொண்டுவந்ததாம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உடை வேறு வேறு, பார்த்தவுடனே எந்த வட்டாரம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்றார் அந்தப் பாட்டி. ஆஸ்லோவில் இந்த நாளில் ராணுவ அணிவகுப்பெல்லாம் முக்கியமில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் ஊர்வலம் போவார்கள், அரசர் அரண்மனை மாடத்தில் நின்று அத்தனை பேருக்கும் கையசைத்தாக வேண்டும் என்றும் சொன்னார். அங்கே ராஜா நிற்கிறார், இங்கே நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒரே சிரிப்பு.

அவருக்கு இரண்டு முழங்காலும் மாற்றியதாம். 'நடக்கிற ஊர்வலமாக இருந்தால் என்னை யார் சேர்ப்பார்கள்?' என்றார். அப்போது உன் நினைப்புதான். ஆபரேஷன் முடிந்து இத்தனை நாளாகியும் மாடிப்படி ஏற யோசிக்கிறாய் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பாட்டி ஆறாவது வாரத்தில் தோட்டத்தில் இறங்கிவிட்டாராம். சும்மா சொல்கிறேன், உன் டாக்டர் சொல்வதைக் கேள். ஆனால் பயிற்சியை விட்டுவிடாதே, வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டால் மூட்டு இறுகிப்போய்விடும் என்று பாட்டியும் சொன்னார்.

பேண்டு பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சுமார்தான். சுற்றி வருகிறபோதெல்லாம் அதே பாட்டு. குதிரைகள் அலுத்துப்போய் ஒற்றைக்காலைத் தளர்த்தி நின்றன. ஒரு வசதி, சாணம் ஒரே இடத்தில் விழுகிறது, பின்னால் வருகிற பேண்டுக்காரன் பார்த்துப் பார்த்துக் கால் வைக்க வேண்டியதில்லை. சாப்பிட லெஃப்சா என்று ஒன்று கொடுத்தார்கள். உருளைக்கிழங்கு மாவை மெல்லிசாக இட்டுச் சுட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டியது. இவள் இரண்டு சாப்பிட்டாள். எனக்கு உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

ஊரை ஒட்டியே பழைய ரயில் பாதை போகிறது. தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டுச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள், 42 மைல் நீளம். கூட்டத்தில் பாதிப் பேர் அதில் சைக்கிளில் வந்தவர்கள். நாங்கள் ஆற்றுப் பாலம் வரை நடந்துவிட்டுத் திரும்பினோம். மினியாபொலிஸ் போய்ச் சேர இருட்டிவிட்டது, சின்னவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். காரணத்தைச் சொன்னோம், நம்பவில்லை. போட்டோவைக் காட்டினோம். 'இது ஊர்வலம் இல்லை, பார்க்கிங்' என்றாள்.

இப்போது இவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது, இந்த மாதிரி ஊர்களாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். டென்னசியில் கேட்லின்பர்க் என்ற மலையூரில் ஜூலை 4 பிறக்கிற நள்ளிரவிலேயே சுதந்திர தின ஊர்வலத்தைத் தொடங்கிவிடுகிறார்களாம், நாட்டிலேயே முதலாவதாக இருக்க வேண்டும் என்று. ஆர்கன்சாவில் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில் பிரிட்ஜ் தெரு என்று ஒன்று, மொத்த நீளமே 98 அடி. அதிலே 2004-லிருந்து மார்ச் 17 தோறும் செயின்ட் பேட்ரிக் நாள் ஊர்வலம் நடத்துகிறார்கள். உலகத்திலேயே குட்டை ஊர்வலம் என்று அதற்கும் ஒரு பட்டம்.

நீயும் தங்கச்சியும் வருவதாக மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். மார்ச்சில் வாருங்கள், ஹாட் ஸ்பிரிங்ஸுக்கு நான் ஓட்டுகிறேன். 98 அடி உன் முழங்கால் தாங்கும், வெந்நீர் ஊற்றும் அங்கேயே இருக்கிறது. விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்க நாளாகும், அதனால் இந்த மாதமே விண்ணப்பம் போட்டுவிடு. பேரன் பெயரை மட்டும் எங்கும் எழுத்துப் பிசகாமல் எழுதச் சொல்.

அன்புடன்,
உன் பங்காளி