முதலில் ஒயரை மாற்று

முக்கூடல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. போனைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் தெரியவே இல்லை, உள்ளே இருப்பதை எடுக்க முடியவில்லை என்று நேற்று ராத்திரி நீ பேசும்போது நம் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க ஆள் வந்துவிட்டது, பாதியிலேயே வைக்க வேண்டியதாயிற்று. இன்றைக்குக் கூப்பிட்டுச் சொல்லலாம்தான். ஆனால் போனைக் காதில் வைத்துக்கொண்டே அதைக் கம்ப்யூட்டரில் மாட்ட முடியாதே. அதனால் மெயிலில் எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் இதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து பார்.

அங்கே உள்ள கடைக்காரர் சொன்னார் என்று விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட வேண்டாம். போனை ரீசெட் செய்யவே வேண்டாம். செய்தால் கோயில் கொடைக்கு எடுத்த வில்லுப்பாட்டு வீடியோ, ஆச்சி அனுப்பிய வாய்ஸ் எல்லாம் போய்விடும். அதை எடுக்கத்தானே இவ்வளவு பாடும்? போன் தெரியவில்லை என்று என்னிடம் வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் கம்ப்யூட்டரைத்தான் திட்டிக்கொண்டு வருவார்கள். நான் அதைக் கடைசியில்தான் சந்தேகப்படுவேன். முதலில் ஒயர், அடுத்தது போன், அப்புறம்தான் கம்ப்யூட்டர்.

"சார்ஜ் ஏறுதும்மா, ஒயர் நல்லாத்தான் இருக்கு" என்றாய். ஏட்டி, எல்லாரும் அங்கேதான் ஏமாறுகிறார்கள். சாதாரண யுஎஸ்பி ஒயரைக் கீறிப் பார்த்தால் உள்ளே நாலு கம்பி இருக்கும். சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. விலை மலிவான சில ஒயரில் பச்சையும் வெள்ளையும் இருப்பதே இல்லை. இருந்தாலும் மடக்கி மடக்கி உள்ளுக்குள் அறுந்து போயிருக்கும். சார்ஜ் பாட்டுக்கு ஏறும், வேறு ஒன்றும் நடக்காது. வெளியே பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. போன் வாங்கும்போது பெட்டியில் வந்த ஒயர் எங்கே என்று தேடி எடு. அதையும் சிபியூவின் முன்பக்கம் மாட்டாதே, பின்பக்கம் மாட்டு. பின்பக்க ஓட்டைகள் மதர்போர்டு என்கிற முக்கியப் பலகையிலேயே இருப்பவை. முன்பக்கத்துக்கு உள்ளே தனியாக ஒரு ஒயர் போகும், நீங்கள் வாங்கியிருக்கிற மாதிரி செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டரில் அது தளர்ந்திருந்தாலும் ஆச்சரியம் இல்லை.

ஒயர் மாற்றியும் வரவில்லையென்றால் போனின் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார். நம்ம ஊரில் பீடி சுற்றுகிறவர்கள் சுளகிலேயே போனையும் வைத்து சீரியல் பார்த்துக்கொண்டுதானே சுற்றுவார்கள். போன வாரம் ஒரு அக்கா கொண்டு வந்தார்கள். ஒயரைச் சாய்த்துப் பிடித்தால் சார்ஜ் ஏறுகிறது, விட்டால் நிற்கிறது. போனை அணைத்துவிட்டு, பல் குத்துகிற மரக்குச்சியால் ஓரமாக மெதுவாகச் சுரண்டினேன். புகையிலைத் தூளும் பீடி கட்டுகிற நூலின் பிசிறும் சேர்ந்து கெட்டியாக, ஒரு மிளகு அளவுக்கு வந்தது. அப்புறம் ஒயர் 'டக்'கென்று முழுசாக உள்ளே உட்கார்ந்தது. உனக்குப் புகையிலை இல்லாவிட்டாலும் கைப்பையில் கிடக்கிற தூசி போதும். ஊசி, சேஃப்டி பின் எதையும் விட்டுவிடாதே. டைப்-சி ஓட்டைக்கு நடுவில் ஒரு மெல்லிய நாக்கு இருக்கும், அது உடைந்தால் செலவு.

இனி போனுக்கு வருவோம். ஆண்ட்ராய்டு போன் 2015-க்குப் பிறகு, கம்ப்யூட்டரில் மாட்டியதும் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். நாம் அனுமதி கொடுத்தால்தான் உள்ளே இருப்பதைக் காட்டும். போனை மாட்டி, லாக்கை எடுத்து, மேலிருந்து திரையை இழுத்தால் 'யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஆகிறது' என்பது போல ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடு. கம்ப்யூட்டரில் போன் பேர் தெரிகிறது, திறந்தால் ஃபோல்டர் காலியாக இருக்கிறது என்றால், லாக்கை எடுக்கவில்லை அல்லது இதைத் தொடவில்லை என்று அர்த்தம்.

பழைய ஆண்ட்ராய்டு போன்கள் பென் டிரைவ் மாதிரி மெமரியையே கம்ப்யூட்டர் கையில் கொடுத்துவிடும். 2011-இல் ஆண்ட்ராய்டு 3 வந்ததிலிருந்து எம்டிபி என்கிற வேறு முறைக்கு மாறிவிட்டார்கள். இது ரேஷன் கடை மாதிரி. நாமே உள்ளே போய் மூட்டையை அவிழ்க்க முடியாது. கேட்டால், போன்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும். ஒரு ஃபோல்டர் காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது நீ இன்னொன்றைத் திறந்து நோண்டினால் இரண்டும் நின்றுபோகலாம். பத்தாயிரம் போட்டோவை மொத்தமாகப் பிடித்து இழுத்தாலும் திணறும். மாதவாரியாகப் பிரித்து எடு. காப்பி முடிகிற வரைக்கும் போனைத் தொடாதே, திரையும் அணையாமல் பார்த்துக்கொள். காப்பி ஆனதில் தேதி மாறித் தெரியலாம், அதற்குப் பதற வேண்டாம்.

'கட்' மட்டும் போடவே போடாதே. பாதியில் ஒயர் ஆடினால் எது போனது, எது வந்தது என்று தெரியாது. காப்பி எடுத்து, இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றுதானா என்று பார்த்து, வீடியோவைக் கம்ப்யூட்டரிலிருந்தே கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் போனில் அழி.

இவ்வளவு செய்தும் வரவில்லையென்றால் கம்ப்யூட்டருக்குப் போ. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் 'டிவைஸ் மேனேஜர்' வரும். அதில் உன் போன் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்தால், அதை அன்இன்ஸ்டால் செய்து, ஒயரைப் பிடுங்கி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து திரும்ப மாட்டு. போனோடு பேசக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய 'டிரைவர்' என்கிற மென்பொருளைத் தானே தேடிப் போட்டுக்கொள்ளும்.

ஆச்சி பீடி சுற்றிக்கொண்டே பேசி அனுப்புகிற வாய்ஸ் எல்லாம் எங்கே என்று கேட்டாயே. ஆண்ட்ராய்டு 11 வந்த பிறகு வாட்ஸப் தன் ஃபோல்டரை உள்ளே தள்ளி வைத்துவிட்டது. 'ஆண்ட்ராய்டு' ஃபோல்டர், அதற்குள் 'மீடியா', அதற்குள் வாட்ஸப் பேரில் ஒன்று. அப்படியே போனால் 'வாய்ஸ் நோட்ஸ்' கிடைக்கும். வருஷமும் வார எண்ணும் சேர்த்துப் பேர் வைத்த ஃபோல்டர்களாக இருக்கும். யார் பேசியது என்றெல்லாம் போட்டிருக்காது, ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். விஎல்சி பிளேயரில் ஓடும். மொத்தமாக எடுத்து வை, பிரிப்பதை நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

மாப்பிள்ளையின் ஐபோனுக்கு வேறு சங்கதி. மாட்டியதும் 'இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா' என்று திரையில் கேட்கும். 'டிரஸ்ட்' கொடுத்து பாஸ்கோடும் போட வேண்டும். பாதிப் படம் வந்ததும் 'டிவைஸ் வேலை செய்யவில்லை' என்று நின்றால், செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதிக்குப் போய், அடியில் 'ஆட்டோமேட்டிக்' என்றிருப்பதை 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றச் சொல். போகிற வழியிலேயே படத்தை ஜேபெக்காக மாற்றப் பார்த்துத்தான் அது தடுமாறுகிறது. மாற்றியதும் படங்கள் 'ஹெய்க்' என்கிற வகையில் வரும், 2017-இலிருந்து ஐபோன் எடுப்பது அப்படித்தான். சில கம்ப்யூட்டரில் அதைத் திறக்கத் தனியாக ஒன்று போட வேண்டியிருக்கும். படங்களை ஐகிளவுட் என்கிற ஆப்பிளின் ஆன்லைன் சேமிப்பில் வைத்து, போனில் இடம் மிச்சப்படுத்துகிற வசதியை அவர் போட்டிருந்தால் முழுப் படம் போனிலேயே இருக்காது. அதையும் கேட்டுக்கொள்.

ப்ளூடூத்தில் பெரிய ஃபைலை அனுப்ப உட்காராதே, விடிந்துவிடும். வாட்ஸப்பில் வீடியோவாகப் போட்டால் தரம் போய்விடும். டாக்குமெண்டாகப் போட்டால் தரம் போகாது, ஆனால் 2 ஜிபி வரைக்கும்தான்.

வில்லுப்பாட்டு அதற்கு மேலே இருக்கும், நீ ஒரே மூச்சாக அல்லவா எடுத்தாய். வில்லுப்பாட்டுக்காரர் கடைப்பக்கம் வரும்போதெல்லாம் "பாப்பா எடுத்த வீடியோ வந்துட்டா?" என்று கேட்கிறார். அதனால் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடு. ஒன்று பார்த்துக்கொள்: பென் டிரைவ் 'ஃபேட்32' என்கிற முறையில் ஃபார்மேட் செய்ததாக இருந்தால் 4 ஜிபிக்கு மேலான ஒரே ஃபைலை ஏற்காது. எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் ஃபைல் பெரிது என்றுதான் சொல்லும். உள்ளே இருப்பதை எடுத்து வைத்துவிட்டு, ரைட் கிளிக் செய்து ஃபார்மேட்டில் 'எக்ஸ்ஃபேட்' என்று மாற்றிப் போடு. அடுத்த வாரம் பெரியப்பா சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் திரும்புகிறார். அவரிடம் கொடுத்தால் போதும், சட்டைப் பையில் வைக்காமல் பெட்டியில் வைக்கச் சொல்.

அன்புடன்,
அம்மா