‘பொறுமை இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள்: சிறப்புப் பயிற்றுநர் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். வட்டார வள மையங்களுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்கள் நீங்கள். நான் எந்தப் பக்கமும் உட்கார்ந்ததில்லை. ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்கள் வேலையில் சேர்ந்த முதல் மாதம் எப்படி இருப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் மகனுக்கு ஆட்டிசம், 17 வயதாகிறது, ஒன்றாம் வகுப்பிலிருந்து இன்றுவரை ஏழு பேரைப் பார்த்துவிட்டோம்.

(மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்களைச் சிறப்பாசிரியர் என்று எழுதலாம்தான். அப்படி எழுதினால் நம் ஊரில் பாதிப் பேர் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி ஆசிரியரை நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் சிறப்புப் பயிற்றுநர் என்றே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் எல்லோரும் டீச்சர்தான்.)

அந்த ஏழு பேரிடமும் பழகிய பிறகு ஒரு நாள், இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்று விசாரித்திருக்கிறேன். ஊர்க்கதை பேசுகிற மாதிரிதான். பெரும்பாலும் ஒரே பதில். எந்தச் சட்டம், எந்த ஆண்டு, எத்தனை வகைக் குறைபாடு, அப்புறம் கடைசியில், ‘இந்தப் பிள்ளைங்களோட வேலை பாக்கறதுக்கு ரொம்பப் பொறுமை வேணுமே, இருக்கா?’ இல்லை என்று யார் சொல்லப்போகிறார்கள்?

பொறுமை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பொறுமையாக ஒரே தப்பை இரண்டு வருடம் செய்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் வகுப்பில் அவனுக்கு ஒரு வழக்கம். தினமும் பத்தேகால் மணி வாக்கில் எழுந்து வகுப்பை விட்டு ஓடிப்போய்க் கொடிக்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பான், அரை மணி நேரம் ஆகும் திரும்ப வர. முதலில் இருந்த ஒரு டீச்சர் கதவைத் தாழ்போட்டுப் பார்த்தார். அவருக்கு அடுத்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார், அன்பாகத்தான், அவருக்கு இருந்த பொறுமை பெற்ற எனக்குக்கூடக் கிடையாது, இரண்டு முறை கடி வாங்கியும் முகம் சுளிக்கவில்லை. ஓட்டம் மட்டும் நிற்கவில்லை.

அதற்கப்புறம் வந்த பெண்ணுக்கு 23 வயதுதான் இருக்கும், முதல் வேலை. செவ்வாயும் வியாழனும் எங்கள் பள்ளி, மற்ற நாள் வேறு பள்ளிகள். முதல் இரண்டு வாரம் அந்தப் பெண் ஒன்றுமே செய்யவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டே இருந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது, ஹெச்.எம்.மிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நோட்டில் மூன்று கட்டம். ஓடுவதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், செய்த பிறகு மற்றவர்கள் என்ன செய்தார்கள். இது எல்லாப் பயிற்சிக் கல்லூரியிலும் சொல்லிக்கொடுக்கிற விஷயம்தானாம். சொல்லிக்கொடுத்ததை உட்கார்ந்து நிரப்பிய ஆளை அன்றுதான் பார்த்தேன். தான் வராத நாட்களுக்கு வகுப்பு டீச்சரிடமும் அதே மாதிரி ஒரு தாள் கொடுத்து, ரெண்டே வரி எழுதினால் போதும் என்று கெஞ்சி வைத்திருந்தது.

மூன்றாவது வாரம், அவனுக்குப் பசிக்கிறது போல என்று முடிவு செய்து பத்து மணிக்கே பிஸ்கட் கொடுத்தது. பத்தேகாலுக்கு அவன் பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டு ஓடினான். அன்று சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. ‘அக்கா, நான் நினைச்சது தப்பு. பசி இல்ல. இன்னும் ஒரு வாரம் பாக்கறேன்.’

ஒரு டீச்சர் வாயிலிருந்து நான் நினைச்சது தப்பு என்று வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் அந்த நோட்டிலேயே விடை கிடைத்தது. பத்தேகாலுக்குச் சத்துணவு ஆயா வந்து ஆள் கணக்கு எடுப்பார், முட்டைக்கு எத்தனை, முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம் எத்தனை என்று. பிள்ளைகள் கையைத் தூக்கிக் கத்தும். இவன் முறை வரும்போது வகுப்பே திரும்பிப் பார்த்து, ‘அவனுக்கு முட்டை!’ என்று ஒரே குரலில் சொல்லும். கேலி இல்லை, பாசம்தான். அதோடு எழுந்து ஓடுவான். ஆயா லீவு போட்டு வகுப்பு டீச்சரே தலையை எண்ணி எழுதிக்கொண்ட இரண்டு நாளும் அவன் ஓடவில்லை, அது தேதியோடு இருந்தது.

டீச்சர் என்ன செய்தது தெரியுமா, அந்தப் பள்ளித் தட்டிலேயே ஒரு முட்டையையும் ஒரு பழத்தையும் தனித்தனியாக வைத்துப் போனில் படம் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டு இரண்டு அட்டையாகக் கொண்டு வந்தது. ஆயாவிடம், அவன் பக்கம் வந்தால் மனசுக்குள் பத்து எண்ணுங்கள், யாரும் குரல் கொடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்தது. மூன்றாவது நாள் அவன் பழ அட்டையை எடுத்து நீட்டினான். வீட்டில் ஆம்லெட் என்றால் இரண்டு கேட்கிற பையன், அவித்த முட்டையைத் தொட மாட்டான். இரண்டு வருடமாகப் பள்ளியில் போடுவது அவித்த முட்டை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். விளையாட்டு விழாவுக்கு டிரம் அடித்தால் இன்றும் ஓடுவான். அட்டை வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு ‘வெளியே போகணும்’ அட்டையை ஒரே நாளில் நாற்பது தடவை காட்டி வகுப்பு டீச்சரை அழ வைத்தான். (இப்போது அட்டை போய், சென்னைக்காரர்கள் உருவாக்கிய, படத்தைத் தொட்டால் குரலாகச் சொல்லும் ஆவாஸ் செயலி டேப்லட்டில் வந்துவிட்டது, அதிலும் அதே வேலைதான்.)

நான் சொல்ல வருவது அந்தப் பெண்ணிடம் இருந்த குறுகுறுப்பைப் பற்றி. இவன் ஏன் இப்படிச் செய்கிறான் என்று தெரியாமல் அதற்குத் தூக்கம் வரவில்லை. ஐயோ பாவம் என்று வருகிறவர்களுக்கு மூன்று மாதத்தில் அலுத்துவிடுகிறது, ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் நன்றி சொல்ல மாட்டார்கள், கடிப்பார்கள், பேன்டிலேயே போய்விடுவார்கள். கடவுளின் குழந்தைகள் என்று நேர்காணலில் யாராவது உருகினால் தயவுசெய்து கொஞ்சம் யோசியுங்கள்.

அடுத்தது, தெரியாது என்று சொல்லத் தெரிய வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுதான் இருந்தது, 2016 சட்டத்தில் 21 ஆனது. சிறப்புக் கல்வியில் பி.எட். படிக்கிறவர்கள் செவித்திறன், பார்வை, அறிவுசார் என்று ஏதாவது ஒரு பிரிவைத்தான் எடுத்துப் படிக்கிறார்கள், அதன்படிதான் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவும் செய்கிறார்கள். வேலைக்கு வந்த பிறகு ஒரு பள்ளியில் காது கேளாத பிள்ளை, அடுத்த பள்ளியில் மூளை முடக்குவாதம், அதற்கடுத்ததில் என் பையன். எல்லாம் தெரிந்த ஆள் கிடையாது. சைகை மொழி படித்துவிட்டு வந்த ஒருவர், ஆட்டிசம் எனக்குப் பழக்கமில்லை அக்கா, முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்தில் படித்த என் சீனியரிடம் கேட்டுவிட்டு அடுத்த வாரம் வருகிறேன் என்றார், கேட்டுவிட்டும் வந்தார். இன்னொருவர் முதல் நாளே, ஆறு மாசத்துல பேச வெச்சிடலாம் என்றார். நாங்கள் அதை நம்பி ஊரெல்லாம் சொல்லிவிட்டோம். ஆறு மாதம் முடிந்தபோது அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் எனக்கு வந்த கோபம் அதிகம்.

சட்டம் கேட்பதென்றால் கேளுங்கள், ஆனால் ஆண்டைக் கேட்காதீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு, இதற்கெல்லாம் எந்தச் சான்றிதழை யாரிடம் எப்போது கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். கடைசித் தேதி தெரியாத டீச்சரால் ஒரு வருடம் போன பிள்ளைகள் உண்டு.

இன்னொன்று, வகுப்பு டீச்சரோடு ஒத்துப்போகிற புத்தி. எத்தனை பிள்ளைக்கு ஒரு சிறப்புப் பயிற்றுநர் என்று வகுக்கச் சொல்லி 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது, 2022-ல் மத்திய அரசு தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்று சொல்லிவிட்டது. சொன்னது சரி, எங்கள் பக்கம் வாரத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோதான் டீச்சர் வருகிறார். மீதி நாட்கள் அவன் வகுப்பு டீச்சரிடமும் ஆயாவிடமும் பக்கத்து பெஞ்சுப் பையனிடமும்தான் இருக்கிறான். ஓரமாக உட்கார வைத்துத் தான் மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அது அந்த ஒரு நாளோடு சரி. வகுப்பு டீச்சருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை, அவரிடம் போய் அதிகாரமாகச் சொன்னால் நடக்காது. ரெண்டே வரி எழுதினால் போதும் என்று கெஞ்சினதே அந்தப் பெண், அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பெண் இப்போது இந்த வேலையில் இல்லை. ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம், வருடா வருடம் நீட்டிப்புக்குக் காத்திருக்க வேண்டும். மூன்றாவது வருடம் குரூப் 4 எழுதித் தேறி வேறு துறைக்குப் போய்விட்டது. நான்தான் இனிப்பு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன், வரும் வழியில் பஸ்ஸில் அழுதேன். சம்பளமும் நிரந்தரமும் உங்கள் கையில் இல்லை என்பீர்கள். இருக்கலாம். மேலதிகாரிகளுக்கு எழுதுகிறபோது, நாங்கள் நல்லவர்களாகப் பார்த்து எடுக்கிறோம், அவர்கள் நிற்பதில்லை என்று ஒரு வரி சேர்க்கலாமே.

போகும்போது அந்த நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனது. அடுத்து வந்த ஒவ்வொருவரிடமும் அதை நீட்டிப் பார்ப்பேன், அதுதான் நான் வைக்கிற நேர்காணல். ஒருவர் வாங்கிப் புரட்டிவிட்டு, நல்லா எழுதியிருக்காங்க என்று திருப்பிக் கொடுத்தார். ஒருவர், நான் என் வழியில பாத்துக்கறேன்மா என்றார். ஒரே ஒருவர்தான் நின்றபடியே நான்கு பக்கம் படித்துவிட்டு, ‘அக்கா, இதுல ஜூலை மாசம் முழுக்க வியாழக்கிழமை மட்டும் ஓடலையே, ஏன்?’ என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். பத்து நிமிடக் கேள்வி பதிலோடு, வருகிறவரை ஒரு பிள்ளையோடு அரை மணி நேரம் ஓர் அறையில் விடுங்கள், நீங்கள் ஓரமாக உட்காருங்கள். எதையும் சொல்லிக்கொடுக்கச் சொல்லாதீர்கள். முடிந்ததும் என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். பையன் அடங்கவில்லை என்பவர்கள் இருப்பார்கள். ஜன்னல் பக்கம் மூன்று தடவை போனான், மூன்று தடவையும் ஃபேன் சத்தம் மாறியபோது, ஆனால் அதுதான் காரணமா என்று தெரியவில்லை என்பவர்களும் இருப்பார்கள். அவர் பிள்ளையிடம் பேசுகிறாரா, பிள்ளையின் தலைக்கு மேலே உங்களிடம் பேசுகிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். அவனுக்குப் பிடித்திருந்தால் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன், பிடிக்கவில்லை என்றால் பாதியில் கிளம்பிவிடுவோம், அதற்கு நீங்கள் ஒன்றும் நினைக்கக் கூடாது. புது இடம் என்றால் முதல் நாளே படம் காட்டிச் சொல்லிவைக்க வேண்டும். தேதி முடிவானதும் உங்கள் அலுவலக வாசலையும், அவன் உட்காரப்போகிற நாற்காலியையும் போனில் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஏழு டீச்சர்களைப் பார்த்த ஓர் அம்மா